தங்கவயல் தொகுதியும் நம் வாக்குச் சீட்டும்

பீன்யாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் நேரே தமிழ்நாட்டிலிருந்து வந்தவை அல்ல. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் ஒருபுறம் இருக்க, கோலார் தங்கவயலில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்து, அங்கே சுரங்கம் மூடப்பட்ட பின்னர் பிழைப்பை நாடி இங்கு வந்தவர்கள் மற்றொரு புறம் இருக்கின்றனர். பாட்டன் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தார். பேரன் பீன்யாவில் லேத்து யந்திரத்தின் முன் நின்று இரும்பைக் கடைகிறான். தங்கம் போய் இரும்பு வந்தது என்று இவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இக்குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒரு காலத்தில் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் கைகாட்டியவரே சட்டசபைக்குச் சென்றாரே, அந்த நிலை ஏன் மாறிற்று என்பது ஒன்று. வாக்கை அந்த ஊரிலேயே வைத்துக்கொள்வதா, பீன்யாவுக்கு மாற்றிக்கொள்வதா என்பது மற்றொன்று. முன்னது சரித்திரம் பற்றியது; பின்னது சட்டம் பற்றியது. ஆயினும் முன்னதை அறியாமல் பின்னதற்கு விடை சொல்ல இயலாது என்று கருதுவதால், தங்கவயல் என்னும் தேர்தல் தொகுதியின் கதையைச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

பிற மொழி பேசும் இராஜ்யத்தினுள் தமிழர் தொகுதி ஒன்று எவ்வாறு உண்டாயிற்று? அதற்குக் காரணம் அரசர்களும் அல்லர், அரசியல்வாதிகளும் அல்லர். பெங்களூரில் ஓய்ந்திருந்த ஐரிஷ் சிப்பாயான மைக்கேல் லாவெல் என்பவர் மாட்டு வண்டியிற் சென்று கோலார்ப் பகுதியைச் சோதித்து, 1873இல் மைசூர் சர்க்காரிடம் சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். 1880இல் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து வேலையைக் கைப்பற்றினர். அதன் பின் அந்த வறண்ட மேட்டு நிலத்திற்கு ஆயிரமாயிரமாக ஆட்கள் தேவைப்பட்டனர். வடஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களின் ஊர்களிலிருந்து, பண்ணையார் நிலத்தில் பரம்பரையாக உழைத்தும் வயிறு நிரம்பாத மக்கள், பெரும்பாலும் தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளானவர்கள், மூட்டை முடிச்சுகளுடன் அங்கே வந்து சேர்ந்தனர். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கரும் வந்தனர். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை இரயில் கிளைப்பாதை போடப்பட்டபின் இந்த வருகை இன்னும் எளிதாயிற்று.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து அங்கே மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூர் வீதிகளில் விளக்கெரிவதற்கு முன்பே தங்கவயலில் யந்திரங்கள் மின்விசையால் ஓடின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேலாக ஆழ்ந்து சென்றது. ஆனால் மேலே, தொழிலாளி வாழ்ந்த இடம் தகரத்தாலும் மூங்கிற் தட்டியாலும் ஆன ஒற்றை அறை வரிசை வீடு. துரைமார் பங்களாவிற்கும் அந்த வரிசை வீட்டிற்கும் இடையே கிடந்த தூரம் சுரங்கத்தின் ஆழத்தினும் பெரிது.

அந்த வரிசை வீடுகளில்தான் தமிழ் வாழ்ந்தது. வெறுமனே பேச்சு மொழியாக மட்டும் அன்று. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் 1907இலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. பண்டிதர் சென்னையில் நடத்திய தமிழன் பத்திரிகை அவர் மறைவுக்குப் பின் நின்றுபோக, அதனை மீண்டும் 1926இல் எடுத்து நடத்தியவர் தங்கவயல் ஜி. அப்பாதுரையார். பகலெல்லாம் பாறைத்தூசியை விழுங்கிய மக்கள் இரவில் கூடிப் பத்திரிகை வாசித்தனர். படிக்கத் தெரியாதவர் படிக்கத் தெரிந்தவரைச் சுற்றி அமர்ந்து கேட்டனர். தங்கவயலின் அரசியலை நோக்குவோர் இதனை மறத்தலாகாது. வாக்குரிமை வருவதற்கு வெகு முன்னரே அங்கு விவாதம் வந்துவிட்டது.

போராட்டமும் அவ்வாறே முந்திக்கொண்டது. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டுமென்று கம்பெனியார் உத்தரவிட்டபோது, குற்றவாளிகளைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1946இல் நடந்த வேலைநிறுத்தம் 78 நாள் நீடித்தது. அவ்வாண்டில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். இக்காலத்தில் தொழிற்சங்கத்தை வளர்த்தவர்களுள் கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் ஆகியோர் பெயர்களை முதியோர் இன்றும் மரியாதையுடன் சொல்வர்.

மைசூர் சமஸ்தானத்தில் பிரஜாப் பிரதிநிதி சபை 1881ஆம் ஆண்டிலேயே தோன்றியது உண்மையே. ஆனால் அங்கே வாக்களிக்க நிலமோ, வரியோ, படிப்போ வேண்டியிருந்தது. இவை மூன்றும் இல்லாத சுரங்கத் தொழிலாளிக்கு அந்தச் சபையால் ஆனது ஒன்றும் இல்லை. குடியரசு மலர்ந்து, 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்கு என்ற நிலை வந்து, 1952 தொடக்கத்தில் முதற் பொதுத் தேர்தல் நடந்தபோதுதான் தங்கவயல் தன் குரலைக் கண்டது.

அக்குரல் இராஜ்யம் முழுவதிலும் ஒலித்த குரலைப் போன்றதாக இல்லை. மைசூர் இராஜ்யம் எங்கும் காங்கிரஸ் அலை வீசிய தொடக்ககாலத் தேர்தல்களில், தங்கவயல் பொதுவுடைமைக் கட்சியினரையும், டாக்டர் அம்பேத்கரின் வழிவந்தவர்களையும் தேடி எடுத்தது. பொதுவுடைமைக் கட்சியின் எம். சி. நரசிம்மனும், பின்னர்க் குடியரசுக் கட்சியின் சி. எம். ஆறுமுகமும் இத்தொகுதியின் பெயரைச் சட்டசபையில் ஒலிக்கச் செய்தனர். 1954இல் டாக்டர் அம்பேத்கரே தங்கவயலுக்கு வந்து சென்றார். சிவப்புக் கொடியும் நீலக்கொடியும் ஒரே வரிசை வீட்டின் இரு முனைகளிற் பறந்தன. அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றொன்றையும் பிடித்தனர். ஒரே குடும்பத்திற்குள் நடந்த இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ளாமல், தங்கவயல் மொழியின்பேரில் மட்டும் வாக்களித்த ஊர் என்று எழுதுவோர் அவ்வூரை அறியாதவர்கள் என்றே நாம் சொல்வோம். அவர்கள் கூலிக்காகவும் மானத்துக்காகவும் வாக்களித்தார்கள். அதைத் தமிழில் கேட்டார்கள்.

மொழியின் பிரச்சினை பின்னால் வந்தது. 1955இல் இராஜ்யங்கள் புனரமைப்புக் கமிஷனார் அறிக்கை தந்தபோது, கோலார் ஜில்லாவில் தெலுங்கு பேசுவோரே அதிகம் என்று கண்டும், அதனை மைசூரிலேயே விட்டுவைக்கப் பரிந்துரைத்தனர். தெலுங்குக்குக் கன்னடத்துக்கும் நடுவே சுரங்க நகரத்துத் தமிழர் ஒரு தீவாக நின்றனர். 1956இல் அரசியற் சட்டத்தின் ஏழாவது திருத்தம், சிறுபான்மை மொழிக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்ற 350ஏ பிரிவையும், மொழிச் சிறுபான்மையோருக்கென ஒரு தனி அதிகாரியை நியமிக்கும் 350பி பிரிவையும் சேர்த்தது. எந்த அதிகாரிக்கும் தன் குறையை இந்தியாவில் அல்லது தன் இராஜ்யத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தரலாம் என்பது அதற்கு முன்னரே 350ஆம் பிரிவில் உள்ளது. நம்மில் எத்தனை பேர் இப்பிரிவுகளை அறிவோம்?

1981இல் டாக்டர் வி. கே. கோகாக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. கன்னடமே பள்ளிகளில் முதல் மொழியாதல் வேண்டும் என்று அது கூறிற்று. அதனை நிறைவேற்றக் கோரி நடிகர் ராஜ்குமார் தலைமையில் 1982இல் கர்நாடகமெங்கும் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தது. தம் மொழிக்காகக் கன்னட மக்கள் கொண்ட பற்று நமக்கு வியப்பளிப்பதன்று. தமிழ்நாட்டில் நாம் கொண்டதும் அதுவே. ஆயின் தங்கவயலில் அது கவலையைக் கிளப்பியது. அடுத்து வந்த 1983ஆம் ஆண்டுத் தேர்தலில், தமிழ்நாட்டில் பிறந்த கட்சியாகிய அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் அபேட்சகர் எம். பக்தவத்சலம் அங்கே வென்றார். 1985இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் டி. எஸ். மணி, 1989இல் மீண்டும் பக்தவத்சலம், 1994இல் குடியரசுக் கட்சியின் எஸ். இராஜேந்திரன், 1999இல் பக்தவத்சலம், 2004இல் இராஜேந்திரன். இருபதாண்டுக் காலம், கர்நாடகத்தின் பெரிய கட்சிகள் மூன்றும் அந்த ஒரு தொகுதியின் வாசலிலேயே நின்றுவிட்டன. எவரையும் இரண்டு முறை தொடர்ந்து இருக்கவிடாத கண்டிப்பும் அவ்வாக்காளரிடம் இருந்ததை வாசகர்கள் கவனிக்கலாம்.

இதற்கிடையில் அடித்தளமே கலைந்துகொண்டிருந்தது. 1956இல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய சர்க்கார் ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி உருவாயிற்று. தாது மெலிந்தது, ஆழம் கூடியது, செலவு தங்கத்தின் விலையை விஞ்சியது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தை ஈன்ற சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டது. அங்கு நடந்துவரும் பெமல் யந்திரத் தொழிற்சாலை ஒரு பகுதியினரைத் தாங்கிற்று. மற்றவர்களில் இளைஞர் அதிகாலை இருட்டில் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் பெங்களூருக்கு வந்து, இரவில் திரும்பும் வாழ்வை மேற்கொண்டனர். அலுத்தவர்கள் இங்கேயே அறை எடுத்துத் தங்கினர். பின்னர்க் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டனர். பீன்யாவில் அவர்கள் வந்தது இவ்வாறே.

தொகுதி மாறிய வரலாறு இதற்கடுத்தது. 2002ஆம் ஆண்டின் தொகுதி வரையறைச் சட்டத்தின்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த கமிஷன், 2001 குடிக்கணக்கை அடிப்படையாகக் கொண்டு தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தியது. புதிய எல்லைகளின்படி முதன்முதலாகப் பொதுத் தேர்தல் கண்ட இராஜ்யம் கர்நாடகம். அது 2008 மே மாதத்தில் நடந்தது. அத்திருத்தத்தில் பக்கத்துப் பேத்தமங்கலம் தொகுதி மறைந்தது. அதன் கிராமங்கள் பல தங்கவயலோடு இணைந்தன. சுரங்க நகரமாக இருந்த தொகுதி, நகரமும் நாட்டுப்புறமும் கலந்த தொகுதியாயிற்று. கன்னடமும் தெலுங்கும் பேசும் விவசாயிகளின் வாக்கு நகரத்து வாக்கிற்குச் சமமாக எழுந்து நின்றது. 2008இல் பாரதீய ஜனதாவின் ஒய். சம்பங்கி, 2013இல் அதே கட்சியின் ஒய். ராமக்கா, 2018இலும் 2023இலும் காங்கிரஸின் எம். ரூபகலா என, அன்று முதல் வென்றோர் அனைவரும் பெரிய கட்சிகளின் அபேட்சகர்கள்.

இதனை ஒரு சதி என்று பேசுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஜனத்தொகையைச் சமன் செய்வதே கமிஷனுக்கு இடப்பட்ட வேலை. சுரங்கம் மூடியபின் மற்ற இடங்கள் வளர்ந்த வேகத்தில் தங்கவயல் வளரவில்லை. ஆதலின் எங்கேனும் ஒட்டியே தீரவேண்டும். மேலும், பேத்தமங்கலத்தார் நமக்கு அந்நியரா? பாலாற்றை மறித்த பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீரைத்தானே தங்கவயல் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது! சதி இல்லை, ஆனால் குறை ஒன்று உண்டு. எல்லை வகுக்கும்போது நிலப்பரப்பு நெருக்கமாயிருத்தல், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, பொதுமக்கள் வசதி ஆகியவற்றைப் பார்க்குமாறு சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. அம்மக்கள் பேசும் மொழியையோ அவர்களைப் பிணைக்கும் பொது வாழ்வையோ பார்க்குமாறு அது கூறவில்லை. கமிஷனின் ஆணையைக் கோர்ட்டில் கேள்வி கேட்கவும் அரசியற் சட்டத்தின் 329ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அத்தடை முழுமையானதன்று என்றும், ஆணை அப்பட்டமாகத் தன்னிச்சையானதாக இருப்பின் கோர்ட்டுகள் பரிசீலிக்கலாம் என்றும் 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது பின்னால் வந்த ஆறுதல்.

வேறு விதமாகவும் இக்காரியம் நடக்கக்கூடும் என்பதற்குக் கனடா தேசத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நம் உறவினர் பலர் இன்று அந்நாட்டில் வாழ்வதால் அது வாசகர்களுக்குச் சுவையளிக்கும் என்று நம்புகிறோம்.

அத்தேசத்தின் கிழக்குக் கடற்கரையில் நியூ பிரன்ஸ்விக் என்றொரு மாகாணம் உண்டு. மாகாணத்தார் பெரும்பான்மையாக ஆங்கிலம் பேசுவோர். ஆனால் அதன் வடகிழக்கு மூலையில், கராக்கெட், ஷிப்பகான், திராக்காடி முதலிய மீன்பிடி ஊர்களில் அக்காடியர் என்னும் பிரெஞ்சு மொழியினர் செறிந்து வாழ்கின்றனர். இவர்களுடைய முன்னோரை 1755இல் ஆங்கிலேயர் வீடு வாசலிலிருந்து பிடுங்கிக் கப்பலேற்றித் துரத்தினர். தப்பியவரும் திரும்பியவரும் கடலோரத்துக் காடுகளில் புதிதாகக் குடிசை போட்டனர். 1867இல் கனடா கூட்டாட்சி பிறந்தபோது அப்பகுதி குளோஸ்டர் என்ற பெயரில் தேசியப் பார்லிமெண்டுக்கு ஒருவரை அனுப்பும் தொகுதியாயிற்று.

வாக்காளர் பெரும்பாலும் பிரெஞ்சு பேசியும், முதல் 27 ஆண்டுகள் அத்தொகுதியின் அங்கத்தினர் ஆங்கிலம் பேசும் ஐரிஷ்காரரே. முதல்வரான திமதி ஆங்லின் பத்திரிகாசிரியர். பார்லிமெண்டின் சபாநாயகராகவும் உயர்ந்தவர். 1871இல் மாகாண சர்க்கார் கொண்டுவந்த பள்ளிச் சட்டம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பொதுப்பணத்தை நிறுத்தியபோது அக்காடியர் கொதித்தனர். 1875இல் கராக்கெட்டில் மோதல் மூண்டு, லூயீ மையூ என்ற 19 வயது இளைஞனும் காவலர் ஒருவரும் மாண்டனர். பள்ளிக்கூடத்தில் எந்த முறை, எந்த மொழி என்ற கேள்விக்கு உயிர் விலை கொடுக்கப்படுவது உலகெங்கும் ஒரே விதமாகத்தான் நிகழ்கிறது போலும்.

1894இல்தான் தேயோதிம் பிளான்ஷார் என்ற அக்காடியர் அத்தொகுதியிலிருந்து முதன்முதலாகப் பார்லிமெண்டுக்குச் சென்றார். பின்னர் மாகாணத்தின் முதல் அக்காடியப் பிரதம மந்திரியாயிருந்த பீட்டர் வெனியோ 1926இல் இத்தொகுதியில் வென்று மத்திய மந்திரியானார். 1953 முதல் 1968 வரை அங்கத்தினராயிருந்த ஹெடார் ரொபிஷோ மீன்வளத் துறையின் மந்திரியானார். மீனவர் தொகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பதவி வேறென்ன! 1969இல் நியூ பிரன்ஸ்விக் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் சமமான ஆட்சி மொழிகளாக ஏற்றுச் சட்டம் இயற்றியது.

தொகுதிக்குப் பின்னர் அக்காடி–பாத்தர்ஸ்ட் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கும் சுரங்கம் ஒன்று உண்டு. பாத்தர்ஸ்ட் நகருக்கருகே 1964இல் தொடங்கிய பிரன்ஸ்விக் துத்தநாகச் சுரங்கம் 2013இல் மூடப்பட்டது. மீன் பிடிக்கும் பருவமும் மரம் வெட்டும் பருவமும் முடிந்தால் அவ்வூராருக்கு வேலையில்லாக் கால உதவித்தொகையே கஞ்சி. அத்தொகையைக் குறைத்த சர்க்காரின் மந்திரி டக் யங், 1997இல் தம் சொந்தத் தொகுதியிலேயே ஈவோன் கோதான் என்ற தொழிற்சங்கக்காரரிடம் தோற்றார். கோதான் 2015 வரை அங்கத்தினராக நீடித்தார்.

நமக்கு வேண்டிய நிகழ்ச்சி இதன்பின் வருவது. 2003இல் எல்லை திருத்திய கமிஷன், பக்கத்து மிரமிஷித் தொகுதியில் ஜனங்கள் குறைவென்று கண்டு, அக்காடி–பாத்தர்ஸ்டிலிருந்து அலர்டுவில் முதலிய சில ஊர்ப் பகுதிகளை வெட்டி அதனோடு ஒட்டியது. மிரமிஷியில் ஆங்கிலம் பேசுவோர் மிகுதி. ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை, கோர்ட்டுக்குச் சென்றனர். கனடாவின் சட்டத்தில், ஜனத்தொகைச் சமத்துவத்தோடு, மக்களின் பொது நலனும் பொது அடையாளமும் பார்க்கப்பட வேண்டும் என்றொரு வாசகம் இருக்கிறது. அதற்காக ஜனத்தொகை சராசரியிலிருந்து நூற்றுக்கு 25 வரை விலகலாம் என்ற சலுகையும் இருக்கிறது. இவ்வாசகத்தைக் கமிஷன் சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்று 2004 மே மாதத்தில் நீதிபதி எட்மண்ட் பிளான்ஷார்ட் தீர்ப்பளித்தார். 2005இல் பார்லிமெண்டு தனிச்சட்டம் இயற்றி எல்லையைத் திருத்தியது.

தங்கவயலுக்குக் கிடையாத அந்த ஒரு வாசகம் அக்காடியருக்குக் கிடைத்தது. ஊரார் குறை சொல்ல ஒரு சட்டப் பிடி இருந்தது. பிடி இருந்ததால் கோர்ட்டு கேட்டது. வேறுபாடு அவ்வளவே.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம்மவர்கள் அதை அவ்வளவாகப் பேசுவதில்லை. குளோஸ்டர் தேசியப் பார்லிமெண்டின் தொகுதி. மீனும் துறைமுகமும் உதவித்தொகையும் தேசிய சர்க்காரின் கையில் இருந்தன. அச்சர்க்காரை நேரே தட்டிக்கேட்கும் இடத்துக்கே அவ்வூரார் தம் ஆளை அனுப்பினர். தங்கவயல் தமிழர் தம் ஆளை அனுப்பியது மாநிலச் சட்டசபைக்கு. ஆனால் 1962 முதல் சுரங்கம் மத்திய சர்க்காருடையது! அதை மூடும் முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. டெல்லிக்கு ஆள் அனுப்புவது கோலார் பார்லிமெண்டுத் தொகுதி. அதில் சட்டசபைத் தொகுதிகள் எட்டு. தங்கவயல் அவற்றுள் ஒன்று. அத்தொகுதியில் 1991 முதல் 2019 வரை தொடர்ந்து அங்கத்தினராயிருந்தவர் கே. எச். முனியப்பா; 2019இல் எஸ். முனிசாமியும் 2024இல் எம். மல்லேஷ் பாபுவும் வென்றனர். எட்டில் ஒரு பங்காகிய தங்கவயல் எத்துணை உரக்கக் கூவினாலும் எட்டுக்கும் பொதுவான குரலாகத்தான் அது டெல்லிக்குப் போய்ச் சேரும். தமிழ் பேசும் சட்டசபை அங்கத்தினர் இருந்த நாளிலேயே சுரங்கம் மூடப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், 2008இல் எல்லாம் போயிற்று என்ற புலம்பலின் சுருதி சற்றுக் குறையும்.

இனி நம்முடைய பீன்யாவுக்கு வருவோம். நாம் வாழும் இடம் தாசரஹள்ளி சட்டசபைத் தொகுதியையும் பெங்களூர் வடக்குப் பார்லிமெண்டுத் தொகுதியையும் சேர்ந்தது. தங்கவயலில் பேர் வைத்துக்கொண்டு இங்கு வாழ்வோர் தேர்தலன்று இரயிலேறிச் சென்று வாக்களித்து வருகின்றனர். ஊர்ப்பாசம் போற்றத்தக்கதே. ஆயினும் இவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், குடிக்கும் தண்ணீரும், மழை பெய்தால் முழங்கால் அளவு நிற்கும் சாக்கடையும் தாசரஹள்ளியில் இருக்கின்றன. அவற்றைக் கேட்கவேண்டிய அங்கத்தினருக்கு இவர்கள் வாக்காளரே அல்லர்.

சட்டம் சொல்வது இது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் பேர் ஒரு தொகுதியில், ஒரே ஒரு முறைதான் இடம்பெறலாம். அத்தொகுதி அவர் சாதாரணமாக வசிக்கும் இடமாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது அல்லது கைவசம் இருக்கிறது என்பதனால் மட்டும் அங்கே வசிப்பவராக ஒருவர் ஆகிவிடமாட்டார் என்று 20ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. அதே சமயம், வேலை நிமித்தம் சிறிது காலம் வெளியூர் சென்றதனால் மட்டும் சொந்த ஊர் வசிப்பை இழந்தவராகவும் ஆகார். ஆகவே வாரந்தோறும் தங்கவயலுக்குத் திரும்பும் இளைஞர் அங்கே வாக்கு வைத்திருப்பது முறையே. மனைவி மக்களோடு பத்தாண்டாகப் பீன்யாவில் குடியிருப்பவர் வைத்திருப்பது முறையன்று. இரண்டிடத்திலும் பேர் இருந்தால் ஒன்றை நீக்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் பொய்யென்று தெரிந்தே எழுதித் தருவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

தங்கவயல் முதியோர் பலர் வாக்கை மாற்றத் தயங்குவதற்குக் காரணம் வேறு. வாக்காளர் பட்டியலிலிருந்து பேர் போனால் சுரங்க வரிசை வீட்டின் மீதுள்ள பிடியும் போய்விடும் என்ற அச்சம் அது. வாக்காளர் பட்டியல் வீட்டுரிமைப் பத்திரம் அன்று. அதில் பேர் இருப்பதால் வீடு சொந்தமாவதும் இல்லை. பேர் போவதால் உரிமை போவதும் இல்லை. வேலை பார்த்த காலத்துச் சீட்டுகள், வீடு ஒதுக்கிய உத்தரவு, கட்டிய தொகைக்கான ரசீது ஆகியவையே அதற்குச் சான்றுகள். அவற்றைப் பெட்டியிற் பூட்டிப் பத்திரப்படுத்துக.

வீடு மாறியவர் நிரப்ப வேண்டியது 8ஆம் எண் படிவம். 2022 முதல், வேறு தொகுதிக்கு மாறுவோருக்கும் அதுவே போதும். புதிதாகப் பேர் சேர்ப்போருக்கு 6ஆம் எண் படிவம். 18 வயது நிரம்பும் பிள்ளைகளுக்கு முன்போல் ஜனவரி 1ஆம் தேதியை எதிர்நோக்கி நிற்க வேண்டியதில்லை. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளும் இப்போது தகுதி நாட்களே. வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்று அஞ்சுகின்றனர். வாடகைக்கிருப்பது வசிப்பதுதான், வாக்குச்சாவடி அதிகாரி நேரில் வந்து விசாரித்தறியலாம்.

பேர் சேர்ந்தபின் ஒரு முறை பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்ப்பது அவசியம். இக்காலக் கன்னட எழுத்தில் ழகரம் வழக்கில் இல்லாமையால் கனிமொழியும் எழிலரசியும் தமிழ்ச்செல்வியும் அங்கே ளகரத்தோடு நிற்பர், அது பிழையாகாது. ஆனால் தகப்பன் பேரும் கணவன் பேரும் இடம் மாறி நிற்பதும், முன்னெழுத்து விரிந்து வேறொரு பேராகிவிடுவதும் உண்டு. அவற்றைத் திருத்தவும் அதே 8ஆம் எண் படிவந்தான். கன்னடம் எழுதத் தெரியாத தாய்மார்கள் ஞாயிறு மாலையில் சங்கத்திற்கு வந்தால், தெரிந்த இளைஞர்கள் நிரப்பித் தருவார்கள். பழைய வாக்காளர் அட்டையையும், பீன்யா முகவரி காட்டும் ஏதேனும் ஒரு சீட்டையும் மறவாமல் கொண்டுவருக.